ஓடையா, கிணறா, போரா? நீலகிரித் தோட்டங்களுக்கு ஒரு தண்ணீர்க் கணக்கு

மார்கழி, தையில் உறைபனி இறங்கும் நாட்களில் நீலகிரி வாசகர்கள் கேட்பது பெரும்பாலும் தண்ணீரைப் பற்றித்தான். நஞ்சநாடு, பாலாடா, கேத்தி, கோத்தகிரி என்று ஊர் மாறும், கேள்வி மாறாது. “நீர்ப்போகத்துக்குக் கேரட் போடப் போகிறேன். ஓடை மாசியிலேயே ஒடுங்கிவிடுகிறது. கிணறு வெட்டலாமா, போர் போடலாமா, குட்டை எடுத்துத் தார்ப்பாய் விரிக்கலாமா?” நீர்ப்போகம் என்பது மழை ஓய்ந்த மாதங்களில் தண்ணீர் கட்டி எடுக்கும் போகம். கிணறோ, போரோ, குட்டையோ, பெரும்பாலும் கடன் வாங்கிச் செய்கிற செலவு இது. தப்பான இடத்தில் போட்டுவிட்டால் அந்தப் பணம் திரும்பாது. அதனால் ஒவ்வொரு வழியையும் அதன் மறைமுகச் செலவோடு சேர்த்து எடை போட்டுப் பார்க்கலாம்.

அதற்கு முன் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். மழை ஓய்ந்து இரண்டு மாதம் கழித்தும் ஓடையில் தண்ணீர் ஓடுகிறதே, அது எங்கிருந்து வருகிறது? நீலகிரியின் அடிப்பாறை சார்னோகைட். அதன் மேல் மட்கிய சிவப்பு மண், சில இடங்களில் பல மீட்டர் ஆழத்துக்கு இருக்கிறது. மேட்டில் பெய்த மழை இந்த மண்ணுக்குள் இறங்கி, பாறையைத் தொட்டு, சரிவோடு மெல்ல நகர்ந்து, பள்ளத்தில் ஊற்றாகவும் சதுப்பாகவும் வெளியே வருகிறது. பிப்ரவரியில் நீங்கள் பார்க்கும் ஓடை முழுக்க முழுக்க நிலத்தடி நீர்தான். சமவெளியில் வாய்க்கால் பாசனம் ஒரு கணக்கு, கிணறு இன்னொரு கணக்கு என்று ஓரளவு பிரித்துப் பார்க்கலாம். மலையில் அப்படிப் பிரிக்க முடியாது. மேலே போரில் எடுத்தால் கீழே ஊற்றில் குறையும். இரண்டு வாசல் இருந்தாலும் இருப்பு ஒன்றுதான்.

## எதை வைத்து எடை போடுவது

மார்ச் மாதத் தண்ணீர். ஐப்பசியில் எவ்வளவு ஓடினாலும் அதை வைத்து நீர்ப்போகத்தைத் திட்டமிடக் கூடாது. மார்ச் இரண்டாம் வாரத்தில் எவ்வளவு கிடைக்கிறது என்பதுதான் கணக்கு.

உயரம். தண்ணீர் நிலத்துக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா? மலைக்காரருக்குச் செலவைத் தீர்மானிப்பதில் பாதி இதுவே.

முதலீடும் அதற்குப் பிந்திய செலவும். மோட்டார், டீசல், தூர் எடுப்பது, பாய் மாற்றுவது எல்லாம் இதில் அடங்கும்.

தண்ணீரின் தரம். குறிப்பாக மேல் தோட்டங்களிலிருந்து எது கழுவிக்கொண்டு வருகிறது என்பது.

கீழே இருப்பவர். உங்களுக்குக் கீழே எத்தனை தோட்டம், எந்த ஊரின் குடிநீர் ஊற்று? இதைப் பெருந்தன்மைக்காகச் சொல்லவில்லை. ஊர்ப் பகை வந்துவிட்டால் குழாய் வெட்டுப்படும், வழக்கு வரும், அனுமதி நிற்கும். அதுவும் ஒரு செலவுதான்.

## முதலில் அளந்து பாருங்கள்

ஓடையில் தண்ணீர் ஒடுங்கி விழும் இடத்தில் ஒரு தகரத்தையோ பிளந்த மூங்கிலையோ வைத்து, 20 லிட்டர் பக்கெட் நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். 40 வினாடி என்றால் வினாடிக்கு அரை லிட்டர். பார்வைக்குச் சிறு நூலாகத் தெரியும். ஆனால் 24 மணி நேரத்துக்கு 43,000 லிட்டர்.

இனி தேவை. ஒரு ஏக்கரில் 1 மி.மீ. தண்ணீர் என்பது ஏறத்தாழ 4,000 லிட்டர். மலைக் குளிரில், மார்ச்சில், காய்கறிக்கு நாளுக்கு 3 மி.மீ. என்று வைத்துக்கொண்டால் 12,000 லிட்டர். ஸ்பிரிங்ளரில் கால் பங்கு வீணாகும் என்று சேர்த்தால் 16,000.

ஆக அந்தச் சிறு நூல் இரண்டரை ஏக்கருக்குப் பாயும். ஆனால் நீங்கள் தண்ணீர் கட்டுவது பகலில் எட்டு மணி நேரம். அந்த நேரத்தில் வருவது 14,400 லிட்டர் மட்டுமே. ஒரு ஏக்கருக்கே போதாது. மீதம் இரவில் ஓடிப் போய்விடுகிறது. “ஓடை பத்தவில்லை” என்று சொல்கிற பலருக்கு உண்மையில் பத்தாமல் இருப்பது தொட்டி. போர் பற்றிப் பேசும் முன் இந்தக் கணக்கை ஒவ்வொருவரும் தன் ஓடைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கிணற்றுக்கும் இதேபோல் அளவு உண்டு. 3 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கிணற்றில் மட்டம் 1 மீட்டர் ஏறினால் 7,000 லிட்டர் ஊறியது என்று பொருள். சாயங்காலம் இறைத்துவிட்டுச் சுவரில் கோடு போடுங்கள். காலையில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பாருங்கள். அந்த ஊறல்தான் கிணற்றின் உண்மையான அளவு. உள்ளே நிற்கும் தண்ணீரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

## ஒரே பார்வையில்

| | ஓடையிலிருந்து நேரடி | ஓடை + இரவுத் தொட்டி | திறந்த கிணறு | ஆழ்துளைக் கிணறு |
|---|---|---|---|---|
| மார்ச்சில் நம்பகம் | குறைவு | நடுத்தரம் | பள்ளத்தில் நன்று, மேட்டில் சந்தேகம் | விரிசல் கிடைத்தால் நன்று. கிடைக்காமலும் போகலாம் |
| இறைக்கும் செலவு | மேலிருந்து வந்தால் இல்லை | பெரும்பாலும் இல்லை | நடுத்தரம் | அதிகம் |
| முதலீடு | குறைவு | நடுத்தரம் | நடுத்தரம் முதல் அதிகம் | அதிகம், திரும்பாத அபாயத்தோடு |
| தரம் | மேல் தோட்டக் கழிவு வரும் | கொஞ்சம் தெளியும் | நன்று | நன்று |
| கீழே பாதிப்பு | உடனே தெரியும் | பங்கு பேசினால் சமாளிக்கலாம் | அருகில் மட்டும் | தாமதமாக, தூரத்திலும் தெரியும் |

## ஓடையிலிருந்து நேரடியாக

மலையின் பெரிய வரம் சரிவு. 10 மீட்டர் உயர வித்தியாசம் 1 கிலோ அழுத்தம் தரும். தண்ணீர் எடுக்கும் இடம் தோட்டத்துக்கு 35 மீட்டர் மேலே இருந்தால், கரண்டே இல்லாமல் ஸ்பிரிங்ளர் சுற்றும். அதற்கு 2 முதல் 2.5 கிலோ போதும்.

பலர் கோட்டைவிடுவது குழாயில்தான். வினாடிக்கு அரை லிட்டர் ஓடினால், 25 மி.மீ. குழாயில் 100 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டருக்கும் மேல் அழுத்தம் உராய்விலேயே போய்விடும். 32 மி.மீ. குழாயில் அது மூன்றரை மீட்டருக்குள் நிற்கும். குழாய் வாங்கும்போது மிச்சம் பிடித்தவர், “தண்ணீர் இருக்கிறது, ஸ்பிரிங்ளர் சுற்றவில்லை” என்று பிறகு டீசல் பம்ப் வாங்குகிறார். ஓடை தோட்டத்துக்குக் கீழே இருந்தால் பம்ப் தவிர்க்க முடியாது. நல்ல நிலையில் உள்ள சிறு டீசல் பம்ப் 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்ற, 10,000 முதல் 12,000 லிட்டருக்கு ஒரு லிட்டர் டீசல் குடிக்கும். ஏக்கருக்கு நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டர் டீசல் என்றால், கேரட் மூன்று மாதத்துக்கு மேல் நிலத்தில் நிற்கும் பயிர் என்பதையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தரத்தில் ஒரு எச்சரிக்கை. உருளைக்கிழங்கை நாசம் செய்யும் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961-இல் கண்டறியப்பட்டது. அன்று முதல் இன்று வரை போகவில்லை. அதன் முட்டைக்கூடுகள் மண்ணோடு ஒட்டி, வழிந்தோடும் தண்ணீரிலும் இறங்கும். மேலே உருளைத் தோட்டம் இருந்து, மழை அடித்து ஓடை சிவந்து ஓடும் நாளில் அந்தத் தண்ணீரை உங்கள் உருளைக்கு எடுக்காதீர்கள். தெளிந்த பிறகு எடுங்கள். மருந்து தெளிக்கும் நாட்களுக்கும் இதே விதி.

எப்போது இதுவே போதும்: ஓடை மேலே இருந்து, கீழே தோட்டம் குறைவாக இருந்து, மழைக்காலப் போகங்களான கார்போகமும் கடைப்போகமும் மட்டும் எடுப்பவருக்கு. மழை இடைவெளியை நிரப்பத்தான் அவருக்குத் தண்ணீர் வேண்டும்.

## ஓடையோடு தொட்டி அல்லது குட்டை

இரவில் ஓடிப்போகும் 16 மணி நேரத் தண்ணீரைப் பிடிக்க எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும்? மேலே சொன்ன அரை லிட்டர் ஓடைக்கு 30,000 லிட்டர் போதும். மேட்டில், நிலத்துக்கு மேல் பக்கமாக வைத்தால் அழுத்தமும் சேர்ந்து கிடைக்கும். என் மதிப்பில் நீலகிரிச் சிறு விவசாயிக்கு ஒரு ரூபாய்க்கு அதிகப் பலன் தரும் செலவு இதுதான்.

குட்டை வேறு கணக்கு. மேல்பரப்பு 10-க்கு 10 மீட்டர், ஆழம் 2 மீட்டர், பக்கங்கள் சரிவாக எடுத்த குட்டையில் 1.3 லட்சம் லிட்டர் நிற்கும். பெரிதாகத் தெரிந்தாலும் ஒரு ஏக்கருக்கு எட்டு நாள் தண்ணீர்தான். மழைநீரை மட்டும் பிடித்து அதை வைத்துக் கோடையைத் தாண்டிவிடலாம் என்று யாராவது சொன்னால், எட்டு நாளுக்குப் பிறகு என்ன என்று கேளுங்கள். ஓடையிலிருந்து நிரம்பிக்கொண்டே இருக்கும் குட்டைக்குத்தான் பயன் உண்டு.

மறைமுகச் செலவு இங்கே பணத்தோடு நிற்பதில்லை. 1.3 லட்சம் லிட்டர் என்பது 130 டன் எடை. அதைச் சரிவின் தலையில் வைக்கிறீர்கள். பாய் கிழிந்து தண்ணீர் உள்ளே இறங்கினால் மண் ஊறி நழுவும். 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் நிலச்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆகவே வீடுகளுக்கு மேலே, செங்குத்துச் சரிவில், ஏற்கெனவே மண் வெடித்திருக்கும் இடத்தில் குட்டை வேண்டவே வேண்டாம். பாய் இல்லாத குட்டையும் சரிவில் வேண்டாம். வழிந்தோட ஒரு கல் பதித்த வாய், அது போய்ச் சேர ஒரு பாதுகாப்பான பள்ளம் இரண்டையும் முதலில் முடிவு செய்துவிட்டுத்தான் மண்ணில் கை வைக்க வேண்டும். பொக்லைன் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதையும் மறக்க வேண்டாம்.

பசுமைக்குடில் வைத்திருப்பவர்களுக்கு மட்டும் கதை வேறு. 1,000 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 1,200 மி.மீ. மழை விழுந்து, எண்பது சதவீதம் பிடித்தாலே 9.6 லட்சம் லிட்டர். உள்ளே சதுர மீட்டருக்கு நாளுக்கு 3 லிட்டர் என்றால் 3,000 லிட்டர் தேவை. ஜனவரி முதல் ஏப்ரல் வரை 120 நாளுக்கு 3.6 லட்சம் லிட்டர் சேமித்தால் ஓடையும் வேண்டாம், போரும் வேண்டாம். ஆனால் அந்தக் கூரைத் தண்ணீரைத் தாரையாகப் பக்கத்துத் தோட்டத்தில் இறக்கி, மண்ணை அரித்துவிட்டு, பிப்ரவரியில் போருக்கு விண்ணப்பிப்பவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

## திறந்த கிணறு

பள்ளத்தில், சதுப்பின் ஓரத்தில் வெட்டிய கிணறு பெரும்பாலும் ஏமாற்றாது. மேட்டிலிருந்து இறங்கும் தண்ணீர் கூடும் இடம் அது. மேட்டுக் கிணறு மண்ணின் ஆழத்தைப் பொறுத்தது. பாறை சீக்கிரம் தட்டினால் ஊறல் இருக்காது. வேளாண் பொறியியல் துறையில் கட்டணம் கட்டினால் நிலத்தடி நீர் ஆய்வுக் கருவி கொண்டு இடம் பார்த்துத் தருவார்கள். தேங்காய் உருட்டிப் பார்ப்பதற்கு முன் அதைச் செய்யுங்கள்.

கிணற்றில் எனக்குப் பிடித்த குணம், அது தன் எல்லையைத் தானே காட்டும். இறைத்தால் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரியும். நாமாகவே மோட்டாரை நிறுத்துவோம். உறைபனிக் காலையில் இன்னொரு நன்மை உண்டு. கிணற்று நீர் ஆண்டின் சராசரி வெப்பத்தை ஒட்டியே இருக்கும். ஓடை நீரையும் தொட்டி நீரையும் விட வெதுவெதுப்பானது. சூரியன் ஏறும் முன் ஸ்பிரிங்ளரில் இந்தத் தண்ணீரைத் தெளித்தால் இலை மேல் படிந்த பனி கரையும்.

செலவில் மறைந்திருப்பவை: வளையம் இறக்காத சிவப்பு மண் கிணறு மழையில் சரியும், தூர் எடுக்க ஆள் கிடைப்பது அரிது, விவசாய மின் இணைப்பு இலவசம் என்றாலும் வரும் வரை காத்திருக்க வேண்டும். அதுவரை டீசல், அல்லது மானியத்தில் சூரிய சக்தி பம்ப். மூடுபனி நாட்களில் சூரிய பம்ப் மந்தமாகும். ஆனால் தண்ணீர் அதிகம் வேண்டிய பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வானம் பெரும்பாலும் தெளிவு என்பதால் அது பெரிய குறையல்ல.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள். கிணற்றுப் பக்கத்துச் சதுப்பில் வடிகால் வெட்டி, காயவைத்து, அதிலும் கேரட் போடாதீர்கள். உங்கள் கிணற்றை நிரப்புவதே அந்தச் சதுப்பு.

## ஆழ்துளைக் கிணறு

நீலகிரிப் பாறையில் போர் என்பது விரிசல் தேடும் வேலை. சார்னோகைட் பாறையே தண்ணீரைத் தேக்காது. விரிசலில் பட்டால் உண்டு, தவறினால் தூள்தான் வரும். 10 அடி தள்ளிப் போட்டவருக்கு வந்ததால் உங்களுக்கும் வரும் என்பது உறுதியில்லை. வந்த தண்ணீரும் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். பாறைக்கு மேலுள்ள மட்கிய மண் வரை துளையில்லாத கேசிங் (போரின் உள்சுவராக இறக்கும் குழாய்) இறக்கி அடைத்தால், போர் ஆழ விரிசலிலிருந்து எடுக்கும். துளையிட்ட கேசிங் இறக்கினால், ஊற்றுகளுக்குப் போக வேண்டிய மேல்மட்ட நீரையே அது உறிஞ்சும். முதல் வருடம் “நல்லா ஊறுது” என்று மகிழ்ச்சியாக இருக்கும். இரண்டு மூன்று கோடையில் கீழ்த் தோட்டத்து ஊற்று மாசிக்குப் பதில் தையிலேயே நிற்கும். அதோடு உங்கள் போரும் இறங்கும்.

அனுமதி இல்லாமல் ரிக் வண்டியை மலையேறச் சொல்லாதீர்கள். மாவட்ட நிர்வாகத்தில் நேரில் கேட்டு, எழுத்தில் வாங்குங்கள். வண்டிக்காரர் சொல்லும் வாய்வார்த்தை அனுமதி உங்கள் மேல் வழக்காகத்தான் முடியும்.

அப்படியானால் போர் எப்போதும் தப்பா? இல்லை. முகட்டில் நிலம், ஓடையும் இல்லை, கிணற்றுக்கு மண் ஆழமும் இல்லை, சரிவில் கீழே நெருக்கத்தில் ஊரின் குடிநீர் ஊற்றும் இல்லை என்றால் பரிசீலிக்கலாம். நாற்றங்கால், கொய்மலர்க் குடில் போலக் கொஞ்சம் தண்ணீரில் அதிக மதிப்பு வரும் பயிருக்குப் பொருந்தும். மணிக்கு 1,000 லிட்டர் தரும் போரை ஆறு மணி நேரம் ஓட்டினால் 6,000 லிட்டர். 1,000 சதுர மீட்டர் குடிலுக்கு அது தாராளம். இரண்டு ஏக்கர் கேரட்டுக்கு அதே போரை நம்பினால் மோட்டார் இரவு பகலாக ஓடினாலும் போதாது.

## சேர்த்துப் பயன்படுத்தினால்

மலையில் எனக்குச் சரியென்று படும் முறை ஒன்றே: வெளியே வந்துவிட்ட தண்ணீரை முதலில் பயன்படுத்து, மண்ணுக்குள் இருப்பதைக் கடைசியில் தொடு. ஊற்றிலும் ஓடையிலும் வந்த தண்ணீர் எப்படியும் கீழே போகப் போகிறது. கிணற்றிலும் போரிலும் ஜனவரியில் எடுக்கும் ஒவ்வொரு லிட்டரும் மார்ச் மாத ஊற்றிலிருந்து பிடுங்கியது.

ஜூன் முதல் டிசம்பர் வரை மழையும் ஓடையும் போதும். கிணற்று மோட்டாருக்கு ஓய்வு. குந்தாப் பக்கம் தென்மேற்குப் பருவமும் கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமும் கூடுதல் மழை தருவதால், மேற்கே உள்ளவருக்கு வறட்சி முன்னதாகத் தொடங்கும். ஜனவரியிலிருந்து பிப்ரவரி நடு வரை ஓடையும் இரவுத் தொட்டியும். பனி விழும் காலையில் மட்டும் கொஞ்சம் கிணறு. பிப்ரவரி நடுவிலிருந்து கோடை மழை வரும் வரை கிணறும் தொட்டியும். ஓடையைக் கீழே இருப்பவருக்கு விட்டுவிடலாம், அல்லது முறை போட்டுக்கொள்ளலாம். நாள் வைத்து முறை போடுவதைவிட மணி வைத்துப் போடுவது சண்டையைக் குறைக்கும். ஒருவருக்கு ஆறு மணி நேரம் என்றால் தொட்டி வைத்திருப்பவர் இரவு முறையை எடுத்துக்கொள்ளலாம்.

இந்த முறைக்கு ஒரு விலை உண்டு, மறைக்கவில்லை. இரண்டு இடத்திலிருந்து குழாய், இரண்டு வடிகட்டி, வால்வு மாற்றத் தெரிந்த ஆள் என எல்லாம் வேண்டும். அரை ஏக்கர் மட்டும் வைத்திருப்பவருக்கு இது அதிகம். அவர் தொட்டியோடு நிறுத்திக்கொண்டு, நீர்ப்போகத்தில் பாதி நிலத்தில் மட்டும் பயிர் வைப்பதே லாபம்.

வரத்தைக் கூட்டும் வேலையும் இதில் சேரும். கிளென்மார்கனில் உதகை மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் செய்த நீண்டகால ஆய்வில், புல்வெளியில் கற்பூர மரம் (யூக்கலிப்டஸ்) நட்ட நீர்ப்பிடிப்பில் முதல் பத்தாண்டுச் சுற்றில் ஓடைநீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டித் தழைத்த இரண்டாம் சுற்றில் அது 25 சதவீதமானது. உங்கள் ஊற்றுக்கு மேலே பட்டா நிலத்தில் கற்பூரமும் சீகையும் (வாட்டில் மரம்) இருந்தால், வனத்துறையின் முறையான அனுமதியோடு அதைப் படிப்படியாக மாற்றுவது ஒரு போர் போடுவதைவிட நீடித்த முதலீடு.

## தண்ணீரைக் கட்டும் முறை

சொட்டுநீருக்குத் தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் உண்டு. முட்டைக்கோஸ், புரோக்கோலி, ஸ்ட்ராபெரி, குடைமிளகாய்க்கு அது பொருந்தும். நெருக்கமாக விதைக்கும் கேரட்டுக்குச் சிறு ஸ்பிரிங்ளரோ மழைக்குழாயோதான் சரிவரும். மானியம் கிடைக்கிறது என்பதற்காகக் கேரட்டுக்குச் சொட்டுநீர் போட்டு, பிறகு சுருட்டி வரப்பில் வைக்க வேண்டாம். படிக்கட்டு நிலத்தில் சொட்டுநீர் போட்டால், ஒவ்வொரு படிக்கும் தனி வால்வோ, அழுத்தத்தைச் சமன்செய்யும் சொட்டுவான்களோ கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் கீழ்ப்படி ஊறும், மேல்படி காயும். சிட்டா, அடங்கல், நில வரைபடம், சிறு குறு விவசாயி சான்று, ஆதார் ஆகியவற்றோடு வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்துக்குப் போனால் போதும். மழைக்காலத்திலேயே விண்ணப்பித்தால் நீர்ப்போகத்துக்கு முன் பொருத்தி முடிக்க நேரம் இருக்கும்.